விண்ணப்பத்தில் துறையூர்

தனுஜா செய்தது சின்னத் தவறுதான். ஆனால் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம். இந்தியாவின் அரசியல், பண்பாடு, உலகத்தில் அதன் செல்வாக்கு எல்லாவற்றையும் படிக்கும் முதுகலை வகுப்பு. உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம், அதுவும் இலங்கையருக்கு மட்டும். அந்த இடத்துக்காக இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்திருந்தாள். விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டம் வந்தபோது பக்கத்தில் இருந்த அப்பா சின்னராசா, “துறையூருன்னு போடும்மா” என்றார். பெண் பார்க்க வந்தாலும் சரி, கருமாதிக்கு வந்தாலும் சரி, எந்த ஊர் என்று கேட்டால் நாலு தலைமுறைக்கு முன்னால் முன்னோர் கப்பலேறி விட்டுவந்த திருச்சிப் பக்கத்து ஊரைத்தான் தோட்டத்தில் சொல்வார்கள். இருக்கிற லயத்தை, அந்த வரிசை வீடுகளை, ஒருவரும் சொல்வதில்லை. அவளும் யோசிக்காமல் எழுதித் தொலைத்தாள்.

நேர்முகத்தில் பேராசிரியர் ஹலீமா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“நீங்க இந்தியாவில பிறந்தவரா?”

“இல்ல மேடம். பொறந்தது, வளந்தது எல்லாம் பொகவந்தலாவ. துறையூரு எங்க பாட்டனுக்கு அப்பன் விட்டுட்டு வந்த ஊரு. நான் கண்ணால பாத்ததில்ல. போகணும்னா விசாதான் எடுக்கணும்.”

“சரி. ஆனா இது ஒரு வெளிநாட்டைப் பற்றின படிப்பு. அதையே சொந்த ஊருன்னு எழுதினவங்க பாசத்தோடதான் பார்ப்பாங்க. ஆராய்ச்சிக்கு அது சரிவராது.”

தனுஜாவுக்குச் சுருக்கென்றது. டவுன் பள்ளிக்கூடத்தில் இந்தியாக்காரி என்று கேலி செய்தார்கள், இங்கேயுமா? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அறுபத்து நாலுல இந்தியாவும் இலங்கையும் உக்காந்து, இத்தன லட்சம் பேரு ஒனக்கு, இத்தன லட்சம் பேரு எனக்குன்னு எங்க தோட்டத்து ஆளுகளப் பிரிச்சுக்கிட்டாங்க மேடம். எங்கள ஒரு வார்த்த கேக்கல. எங்கப்பாவோட அக்கா அப்படித்தான் அங்க போனாங்க, திரும்பி வரவே இல்ல. டில்லி எதுக்கு ஒத்துக்கிச்சு, அதுக்கு என்ன கணக்குன்னு நான் தெரிஞ்சுக்கணும். பாசமெல்லாம் இல்ல, கோவம்தான் இருக்கு. ஆனா ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுத மாட்டேன்.”

ஹலீமா விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளி, “ஆதாரம் தேடுறவங்களுக்குக் கோபம் இருக்கலாம். இந்தச் சொந்த ஊரை மட்டும் திருத்துங்க” என்றார்.

துறையூரை அடித்துவிட்டுப் பொகவந்தலாவை என்று எழுதினாள். அவர்கள் குடும்பத்தில் யாரும் ஊர் என்று அதை எழுதியதில்லை.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. உடனே அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

“எடம் கெடச்சிருச்சுப்பா. ஆனா ஊர மாத்திட்டேன். பொகவந்தலாவன்னு எழுதிட்டேன்.”

கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தாள்.

“நல்லதும்மா” என்றார் சின்னராசா. “என்னப் பெத்தவங்க ரெண்டு பேரையும் இந்த மண்ணுலதானே பொதச்சேன்.”