ஐயா, ஒரு நிமிஷம்

அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டு டார்லா துழாவிக்கொண்டிருந்தாள். தேவாலயத்தில் கோட்டுகளை மாட்டிவைக்கும் சின்ன அறை அது. கதவுக்கு வெளியே ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. இருமல் மிட்டாய், தள்ளுபடிச் சீட்டுகள், சீப்பு, யாருடையதென்றே தெரியாத ஒரு பொத்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்த உறை. மேலே அப்பாவின் கொட்டை எழுத்து: 'அந்த வரிக்குப் பதில்.'

பிரித்துக்கூடப் பார்க்காமல் அதைத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயதில் திருட்டு! அதுவும் அப்பாவை அடக்கம் செய்யும் நாளில். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்றைக்கு ஒரு நாளாவது இந்தக் குடும்பத்து மானம் சந்தி சிரிக்காமல் இருக்கட்டுமே.

சிரிக்க வைத்தவர் அப்பாதான். ஆர்லன், ஐயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் குழாய் ரிப்பேர் செய்தவர். ராணுவத்திலிருந்து திரும்பிய வருஷம் கோழிக்கூட்டின் கதவைக் கழற்றி, வெள்ளை அடித்து, சிவப்பில் 'ஐயா, ஒரு நிமிஷம்' என்று எழுதினார். ஐயா என்றால் அமெரிக்க அதிபர். அதற்குக் கீழே அந்த வாரத்துப் புகார். சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கோர்ட்டு எதிரில் உள்ள சதுக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போர், பெட்ரோல் விலை, ஏலத்துக்குப் போன பண்ணைகள், வங்கிகளைத் தூக்கி நிறுத்தக் கொட்டிய பணம், மறுபடியும் போர். பத்து அதிபர்கள் வந்து போனார்கள். ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. புகார் மாறும்போதெல்லாம் பழையதன் மேல் ஒரு பூச்சு வெள்ளை. பூசிப் பூசிப் பலகை கனத்துப்போனது.

ஊருக்குத்தான் திண்டாட்டம். தங்கள் ஆள் பதவியில் இருந்தால் அப்பா மேல் முட்டை எறிவார்கள். ஆட்சி மாறியதும் முட்டை எறிந்த அதே கை கேக் கொண்டுவந்து நீட்டும். நேற்றுவரை கேக் கொடுத்தவர்கள் முட்டைக்கு மாறிக்கொள்வார்கள். யார் எறிந்தால் என்ன, அவர்கள் வீட்டுக் குழாய் உடைந்தால் அப்பாதான் போக வேண்டும். போவார். முட்டைக்கறையோடு போய்க் குழாயை அடைத்துவிட்டு வருவார்.

ஒன்பது வயதில் டார்லா காரின் பின்சீட்டில் படுத்து ஒளிந்துகொண்டு அந்தச் சதுக்கத்தைக் கடந்திருக்கிறாள். பெரியவளாகி பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு கட்சிக்காரர்களும் அங்கே வந்து வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். டார்லா மட்டும் முப்பது வருஷமாகத் தன் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இந்த உறை. பழைய சிப்பாயை அடக்கம் செய்யும்போது, பெட்டி மேல் போர்த்திய கொடியை மடித்து, மனைவியின் முன் மண்டியிட்டுக் கொடுப்பார்கள். கொடுக்கும்போது ஒரு வரி சொல்வார்கள்: 'அமெரிக்க அதிபரின் சார்பாக.' நண்பர்களின் அடக்கத்தில் அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்துவார்.

"அம்பது வருஷமா நான் கத்துறேன், மனுஷன் வாயைத் திறக்கல. நான் பேச முடியாதப்ப வந்து பேசுறாராம்! லவோன், அதுக்கு ஒரு பதில் சொல்லாம என்னைக் குழியில எறக்காதே."

அம்மா சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள். மூன்று நாளாக டார்லா கெஞ்சினாள். "அம்மா, கொடியை வாங்கிக்கிட்டு சும்மா இரும்மா. ஊரே இருக்கும்."

"ஊர் இருக்கணும்னுதானேடி அந்த மனுஷன் ஆசைப்பட்டாரு" என்றாள் அம்மா.

ஊர் இருந்தது. தேவாலயத்தின் முதல் வரிசைக்கு அடிதடி. ஆணி, பெயின்ட் எல்லாம் விற்கும் கடைக்கார டுவைன் இப்போதைய அதிபரின் ஆள். சென்ற மாதம்கூட அப்பா மேல் முட்டை எறிந்தவர். இன்று டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா மனசுல எங்க ஆளும்மா. அவங்க ஆளு இருந்த அந்த எட்டு வருஷம் என்னமா வெளுத்து வாங்குனாரு!" என்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னது, உங்க ஆளா?" பின்னாலிருந்து வந்தாள் பெவர்லி டீச்சர். அவள் எதிர்க்கட்சி. "நான் செஞ்ச கேக்கை இந்த வருஷம் மட்டும் பதினொண்ணு தின்னிருக்காரு. உன் கேக்கை எப்பய்யா கடைசியாத் தின்னாரு?"

"ஆட்சி மாறட்டும், நானும் சுடுறேன்" என்று சொல்ல வந்த டுவைன், இனி யாருக்குச் சுடுவது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். பெவர்லி அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பனி உருகித் தரை சொதசொதவென்று இருந்தது. ஊதுகுழல் ஓய்ந்தது. இரண்டு வீரர்கள் கொடியை முக்கோணமாக மடித்தார்கள். சார்ஜென்ட் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அம்மாவின் முன் சேற்றில் முழங்காலை ஊன்றி, கொடியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அமெரிக்க அதிபரின் சார்பாக, ராணுவத்தின் சார்பாக, நன்றியுள்ள நாட்டின் சார்பாக..."

அவள் முடிக்கும்வரை பொறுமையாக இருந்த அம்மா, கொடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு நிமிஷம்மா."

கூட்டத்தில் எவரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அம்மா கைப்பையைத் திறந்து தேட ஆரம்பித்தாள். இருமல் மிட்டாய் வெளியே வந்தது. சீப்பு வந்தது. பொத்தான் வந்தது. சார்ஜென்டின் கால்சட்டையில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. அம்மா மறுபடி அடியிலிருந்து துழாவினாள்.

"இங்கதான்மா வச்சேன். உன்னைக் காக்க வைக்கிறேனே..."

டார்லா அம்மாவையே பார்த்தாள். ஐம்பது வருஷம் ஒரு பதிலும் வராமல் நின்ற மனுஷன். ஐயாவை மட்டும் என்ன குறை சொல்வது, நான் மட்டும் என்ன பதில் சொல்லிவிட்டேன்? ஒளிந்துகொண்டு போனவள்தானே. அப்பா, அப்பா என்று உள்ளே அழுகை முட்டியது. பாக்கெட்டிலிருந்து உறையை எடுத்துக் கிழித்தாள்.

"என்கிட்ட இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சத்தமாக வாசித்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். கொடிக்கு நன்றி. அழகாக மடித்திருப்பார்கள், அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மேல் இருக்கிறது. பட்டியல் பெரியது, மண்டியிட்டிருப்பவருக்கு முழங்கால் வலிக்கும். ஆகையால் மிச்சத்தைச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, வழக்கமான இடத்தில், என் மகள் டார்..."

நின்றுவிட்டாள்.

"படி!" என்று பின்னாலிருந்து பெவர்லி டீச்சர் அதட்டினாள்.

"...என் மகள் டார்லா சொல்வாள்."

முதலில் சிரித்தது டுவைன். பிறகு ஊரே சிரித்தது. பாதிரியார் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டார். சார்ஜென்டின் முகம் மட்டும் இறுகி இருந்தது. கண்களில் தண்ணீர் கோர்த்திருந்தது. "செய்தி வந்து சேர்ந்தது அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து, மெதுவாகக் கையை உயர்த்தி சல்யூட் வைத்தாள்.

திரும்பும்போது காரில் டார்லா பொரிந்து தள்ளினாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? சொந்தப் பொண்ணை இப்படியா மாட்டி விடுவாங்க?"

"நீயாத்தானேடி எடுத்து வாசிச்சே. நான் வாசிக்கச் சொன்னேனா?"

"நீ அங்க தவிச்சுக்கிட்டு இருந்தியே!"

"ஆமா, தவிச்சேன். நீ எப்ப எடுப்பியோன்னு." அம்மா மடியிலிருந்த கொடியைத் தடவிக்கொடுத்தாள். "கோட்டு மாட்டுற அறைக் கதவை ஒழுங்கா சாத்தக்கூடத் தெரியல உனக்கு."

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பலகை அவள் நினைத்ததைவிடக் கனம். கீழ்ப்பாதியில் எழுத எவ்வளவோ இருந்தது; எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் வெள்ளையாகவே விட்டிருந்தாள். மேலே சிவப்பில் அந்த மூன்று சொற்கள் மட்டும். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அம்மா, காபி பிளாஸ்க்கோடு. ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னொன்றிலிருந்து திட்டு வந்தது. பல் டாக்டரிடம் வருபவர்தான். செவ்வாய்க்கிழமை மறுபடி வர வேண்டியிருக்கும்.

பதினொன்றேகாலுக்கு டுவைனின் வண்டி வந்து நின்றது. அவர் கையில் ஒரு முட்டை. கண்ணாடியை இறக்கிவிட்டு, எறிய மனசு வராமல் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன பார்க்கிறீங்க டுவைன்? எறிங்க" என்றாள் அம்மா. "அவளுக்கும் பழகட்டும்."

டுவைன் இறங்கி வந்தார். முட்டையை டார்லாவின் கையில் வைத்துவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பலகையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. டார்லா அந்த முட்டையைக் கோட்டுப் பாக்கெட்டில் மெல்ல இறக்கினாள். கோர்ட்டு மணி பன்னிரண்டு அடிக்கும்வரை, அது உடைந்துவிடாதபடி நேராக நின்றாள்.