தாலி கட்டும் இடம் காணோம்

தை மாதக் கல்யாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கம்ப்யூட்டரில் குவிந்து கிடந்தன. மேளச் சத்தம் கேட்டாலே அருணாவுக்குக் கண் எரிந்தது. மலைமேல் செம்மேட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் தெரிந்தவர் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. எல்லாரும் இங்கேயே வந்துவிடுகிறார்கள்.

கேமராக்காரர் கார்த்தி, எடுத்ததையெல்லாம் ஒரே நீள வீடியோவாக ஒட்டித்தான் கொடுப்பார். அதை மறுபடி பிரிப்பதுதான் முதல் வேலை. காட்சி எங்கே மாறுகிறது என்று சாஃப்ட்வேரே பார்த்து வெட்டிவிடும். எவ்வளவு மாறினால் வெட்ட வேண்டும் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். சென்சிடிவிட்டி என்று ஒரு அளவு. கூட்டினால் சின்ன மாற்றத்துக்கும் வெட்டும். குறைத்தால் பெரிய மாற்றத்துக்கு மட்டும்.

கோகிலாவின் கல்யாணத்துக்கு அந்த அளவு சரிவரவில்லை. நாடு என்றே பெயர் கொண்ட மலையூர்களில் ஒன்றான திருப்புலி நாட்டில், பெண் வீட்டு வாசலிலேயே பந்தல், விடிந்ததும் முகூர்த்தம். பந்தலுக்குள்ளேயே மூடுபனி. மணமேடையும் சாம்பல், வாழைமரமும் சாம்பல், சமையல் கொட்டகையும் சாம்பல். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கியதே சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை. அருணா அளவைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பனிக்குள் ஒளிந்திருந்த மாற்றங்களெல்லாம் அகப்பட்டன. கூடவே பொடிப்பொடியாக ஏராளமான துண்டுகளும் விழுந்தன. ஒரு நொடிக்குக் குறைந்த துண்டுகள் வேண்டாம் என்று இன்னொரு கட்டத்தில் டிக் வைத்தாள். திரை சுத்தமானது. முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை. கண் தானாக மூடிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் ஒரு அம்மா படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, கண்ணாலப் படம் புடிச்ச கடை இதுதானுங்களா? நான் கோகிலாவோட அம்மா, மாதம்மாளுங்க.”

“வாங்கம்மா” என்றார் ஸ்டுடியோக்காரர் குணசேகரன். “பென்டிரைவ மாப்பிள்ளை ஊட்டுல வந்து வாங்கிக்கறோம்னு சொல்லிட்டாங்களே. நீங்க எதுக்கு இந்த மலை வளைவுல அலையறீங்க?”

“அவங்க வாங்கிட்டா அரியூர் நாட்டுக்குப் போயிருமுங்க. அங்க போயி நான் போடச் சொல்லிக் கேக்க முடியுமுங்களா? இங்கயே ஒருக்கா பாத்துட்டுப் போயிடறேன். முழுசும் வேண்டாமுங்க. தாலி கட்டறத மட்டும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவங்கப்பா போனதுக்கப்புறம், அந்த நேரத்துல நான் முன்னால நிக்கக்கூடாதுங்களே.”

குணசேகரன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அருணா ஓடவிட்டாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். கெட்டிமேளம் எழுந்தது. அடுத்து, ஒரு பெரியவர் இலையில் பாயசத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்.

மாதம்மாள் திரையையே பார்த்தார். “கட்டியாச்சுங்களா?”

“ஏய் அருணா, தாலி எங்க?” குணசேகரன் குரல் உயர்ந்தது. “தாலிய உட்டுட்டுப் பாயசத்த வெச்சிருக்க! மாப்பிள்ளை ஊட்டுல இதைப் போட்டாங்கன்னா, அடுத்த பந்தியில என்னையத்தான் எலையில வெப்பாங்க!”

அருணாவின் காது சூடேறியது. தடுமாறிப் போய் அந்த டிக்கை எடுத்தாள். ஒதுக்கி வைத்த பொடித் துண்டுகள் திரும்பி வந்தன. ஒன்றைத் திறந்தாள். ஒரே பளிச். அடுத்ததும் பளிச்.

“ஃப்ளாஷுங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். “தாலி கட்டறப்பத்தான் எல்லாரும் சேந்து போட்டோ அடிச்சிருக்காங்க. பளிச்சுன்னு வந்ததையெல்லாம் இது வேற காட்சின்னு வெட்டிப் போட்டிருச்சு. எல்லாமே நொடிக்கும் கம்மி. நான் வேண்டாம்னு தள்ளிட்டனுங்க.”

வரிசை பிசகாமல் ஒட்டினாள். மாதம்மாள் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டார்.

கெட்டிமேளம். பனிக்குள் நிழல்கள் குனிந்தன. எது கை, எது மாலை என்று புரியவில்லை. ஃப்ளாஷ் விழுந்தபோது மட்டும் தெளிந்தது: மஞ்சள் கயிறு, முடிச்சுப் போடும் விரல்கள், கோகிலாவின் குனிந்த கழுத்து. அந்த இடங்களை மட்டும் அருணா மெதுவாக ஓட்டினாள்.

கோகிலாவின் தலைக்கு நேர் பின்னால், சமையல் கொட்டகையின் ஓரத்தில், இன்னொரு முகமும் தெளிந்தது. இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அதே முகம்.

அருணா படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

“பனி மூடியிருந்துச்சேன்னு வந்து நின்னேன்” என்றார் மாதம்மாள். “யாருக்குந் தெரியாதுன்னு இருந்தேன். எனக்கே ஒண்ணுந் தெரியல. எல்லாத்து முதுகுந்தான் தெரிஞ்சுது.” பிறகு பதறினார். “சம்பந்தியம்மா பாத்தா புள்ளையச் சொல்லிக்காட்டியே கொன்னுருவா சாமி. என்னைய எடுத்துர முடியுமா?”

“ஓரத்த வெட்டிரு அருணா” என்றார் குணசேகரன்.

“ஓரமா நின்னா வெட்டலாமுங்கண்ணா. நேர் பின்னால நிக்கறாங்க. மங்கலாக்கி மறைச்சா, அங்க யாருன்னு கேப்பாங்க.” அருணா மாதம்மாளிடம் திரும்பினாள். “இந்தத் துண்டுகளையே எடுத்துரலாமுங்க. ஆனா முடிச்சு தெரியறது இதுல மட்டுந்தான். எடுத்துட்டா கோகிலாக்கா கண்ணாலத்துல வெறும் பொகைதான் இருக்கும்.”

மாதம்மாள் திரையைக் கை காட்டினார். “இன்னொருக்கா போடு கண்ணு.”

போட்டாள். கேட்கக் கேட்கப் போட்டாள். வெளியே திருப்புலி நாட்டு பஸ் ஹாரன் அடித்தது. குணசேகரன் வாசலில் நின்று, கொஞ்சம் இருக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

மாதம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இருந்துட்டுப் போகட்டும், உடு. அவ கழுத்துத் தெரியட்டும். கேட்டா, எலை எடுக்க வந்தேன்னு சொல்லிக்கறேன்.” படியிறங்கப் போனவர் திரும்பினார். “என் கையில எலைக்கட்டு இருக்கற மாதிரி தெரியுதா?”

அருணா பார்த்தாள். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன.

“கை தெரியலீங்க” என்றாள். “பனி.”

பஸ் போன பிறகு குணசேகரன் அடுத்த பென்டிரைவை மேஜைமேல் வைத்தார். அருணா கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அளவைக் கொஞ்சம் குறைத்தாள். டிக் வைக்கவில்லை. வேறொரு ஊரின் கெட்டிமேளம் பொடித் துண்டுகளாகத் திரை முழுக்க வந்து விழுந்தது. முதல் துண்டைத் திறந்தாள்.