கடலைக்காட்டு நகருக்குக் கடல் வந்த வரலாறு

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற கடலைக்காட்டு நகருக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு புரட்டாசி வியாழக்கிழமை, வீடுகளில் இட்லி அவிந்துகொண்டிருந்த நேரத்தில். அதற்கு முந்தின வாரமே மலை வந்துவிட்டது. மலை எழும்பியது வீட்டுமனைகளுக்கு அடியில், ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. கடல் வந்து படுத்ததோ பக்கத்தில் இருந்த கொம்பையாவின் நிலத்தில். அவருடைய நிலக்கடலையைப் பிடுங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்தப் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைக் காடு என்பார்கள். கடலை விளைந்தால் கடலைக்காடு. அதில் மேற்குப் பாதியைத் தச்சநல்லூர் அம்பலவாணன் வாங்கி மனை போட்டார். பழைய பெயரில்தான் ராசி என்று யாரோ சொன்னதால் பெயரை மட்டும் மாற்றவில்லை. பெயர்ப்பலகைக்கு வாங்கிய தகரம் அகலம் குறைச்சல், அதனால் பெயிண்டர் பெயரை மூன்று வரியாக மடக்கினார்: முதலில் ‘கடலைக்’, அடுத்து ‘காட்டு’, கடைசியில் ‘நகர்’. மனிதர்கள் சேர்த்து வாசித்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்கு வாசித்துப் பழக்கம் இல்லை. வரி வரியாக வாசித்து, தனக்கு இட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டது. நகர் என்றதால் நகர்ந்தது. கடலைக் காட்டு என்றால் உயரம் வேண்டுமே என்று எழும்பியது. எழும்பியும் பனைகள் மறைத்தன. அது படுகிற பாட்டைப் பார்த்துக் கடலே இரங்கி வந்துவிட்டது. நகரில் முதல் வீடு கட்டிய அப்பாத்துரை பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இடம் விட்டு எழுதினால் அது ஏவல்தான், மண்ணின் மேல் பிழை இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

மலை உச்சியில் மூன்று டாக்டர்கள், நடுவில் அரிசி ஆலைக்காரர்கள், அடிவாரத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள். மாடியில் நின்று பார்த்தால் கடல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும், சில நாள் கப்பல் கூடப் போகும். வாழைத் தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் கொம்பையா நிலத்தின் அகலம்தான். வரப்பு வரைக்கும் வந்த அலை வரப்பைத் தாண்டி ஒரு சொட்டு சிந்தியதில்லை. புன்னக்காயலில் இருந்து வந்த மீன்காரர் ஒருவர் வாயில் விட்டுப் பார்த்து, கடல்தான், கொஞ்சம் இளசு என்றார். இரண்டே வாரத்தில் மேட்டுக்காரர்களுக்கு மேட்டுக் குணம் வந்துவிட்டது. முந்தின மாதம் வரை ஒரே டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டு வந்தவர்கள், மற்ற ஊர்களை எல்லாம் மொத்தமாகக் ‘கீழே’ என்று சொல்லத் தொடங்கினார்கள். நெல்லை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு நடக்கிறவர்களை என்ன சொல்வது? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்.

கொம்பையா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மேற்குப் பாதிக்காரர்கள் விற்றபோது விற்காமல் நின்றவர் அவர், அந்த நிலத்தை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. கடலையைப் பருவத்தில் பிடுங்காவிட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், அப்புறம் மாட்டுக்குக் கூட ஆகாது. பலகையில் எழுத்தை ஒட்டி எழுதிவிட்டால் கடல் போய்விடும் என்று அவரும் மனைவி இசக்கியம்மாவும் அம்பலவாணனிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் அன்றைக்கே பலகைக்குக் கம்பிக் கூண்டு அடித்து, காவலுக்கு ஆளும் போட்டார். கடல் போனால் மாடி எதற்கு? போதாததற்கு, கோவணமும் மண்வெட்டியுமாகக் கரையில் நிற்கிற கொம்பையாவால் காட்சி கெடுகிறது என்று உச்சிவீட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். பேசிப் பார்க்க அப்பாத்துரையை அனுப்பினார்கள். அவர் வேண்டாவெறுப்பாக இறங்கி வந்தார்.

“கொம்பையா, வேற காடு வாங்கித் தாரோம்னு சொல்லுதாங்க. நீரு கொஞ்சம் நகரும்வே.”

“மண்ணு வாசிச்சுது, நகந்துட்டு. எனக்கு வாசிக்கத் தெரியாது சார்வாள். நான் எங்கன நகர?”

இலக்கணப்படி அது சரிதான். அப்பாத்துரை திரும்பி மேடேறிவிட்டார்.

ஐப்பசி பிறந்தது. பிடுங்குகிற நாளன்று கொம்பையா எழுந்திருக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். இசக்கியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “தண்ணிக்கு அடியில கிடந்தாலும் நம்ம காடுதான? வாங்க, பிடுங்கிப் பாப்பம்.” சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கடலுக்குள் நடந்தாள். இடுப்பு, கழுத்து, பிறகு தலையும் மறைந்தது. கொம்பையா பதறிப் பின்னால் ஓடினார். உள்ளே உழவுச் சால்கள் போட்டபடியே கிடந்தன, செடிகள் வாடாமல் நீரோட்டத்துக்கு அசைந்தன, ஊடே சாளை மீன் கூட்டம் மேய்ந்தது. மூச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. அவரவர் நிலத்தில் அவரவருக்கு மூச்சு முட்டாது போலிருக்கிறது. மாடிகளில் காபியோடு நின்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிப் போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இருவரும் ஆளுக்கொரு கட்டுச் செடியோடு கரையேறினார்கள். கொம்பையா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டார். திரட்சியாக, அளவான உப்போடு இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவருக்கு. சட்டியில் அவித்தபோது இசக்கியம்மா உப்பு ஜாடியைத் தொடவில்லை.

வாசனை மேடேறியது. முதலில் டாக்டர் வீட்டு ஆள் வந்தான், பிறகு டாக்டரே கிண்ணத்தோடு இறங்கி வந்தார். அந்தக் கடலை வேறெங்கும் கிடைக்காது என்று மதுரை வரைக்கும் பேச்சாயிற்று. வருஷங்கள் போயின. மேட்டில் வீடுகள் கைமாறின, மலை தன் பாட்டுக்குக் கொஞ்சம் வளர்ந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள், கடலுக்கு அடியில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்கிறதே என்று முதல் வாரம் விசாரிப்பார்கள். ஆடி மாதம், உழவு நடக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இந்த வருஷம் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர அங்கே யாருக்கும் வேறு குறையில்லை. உச்சி வெயிலானால் இசக்கியம்மா தூக்குவாளியோடு கரையில் வந்து நின்று, தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“ஏங்க, கஞ்சி ஆறுது. மாட்டை அவுத்துட்டுப் பைய ஏறி வாங்க.”