சரளைமேட்டுப் புகை

1974ஆம் வருஷம் மாசி மாதம், கே.ஜி.கண்டிகையில் பூவம்மாளின் காட்டாமணக்கு எண்ணெயை ஊற்றி ஓட்டிய எஞ்சின் விட்ட புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறைந்துபோயிற்று. அதே வாரம் வெங்காய விலை இறங்கியது. பள்ளிப்பட்டு பஸ் இரண்டு நாள் வரவில்லை. ஊரில் இந்த மூன்றையும் பற்றி ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாக.

பூவம்மாள் கூலிக்காரி. களையெடுப்பு, நடவு, கடலைக்காய் பறிப்பு எதுவானாலும் போவாள். அவள் புருஷன் முனியன், கிணற்று நிலம் வைத்திருந்த ஜம்புலிங்கத்திடம் எஞ்சின் ஓட்டுகிறவன். நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று அரசாங்கம் கொடுத்தபோது இவர்கள் பங்குக்கு வந்தது ஊருக்கு மேற்கே இருந்த சரளைமேடு. மண் என்று அங்கே இருந்ததெல்லாம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று கொண்டுவந்து போட்ட தூசிதான். பூவம்மாள் முதலில் கொள்ளு விதைத்தாள். கவுதாரிகள் தின்றுவிட்டுப் போயின. துவரை விதைத்தாள், அது முளைப்பதா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. முனியன் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "அங்க குந்திகினு திருத்தணி மலைய நல்லா பாக்கலாம். வேற ஒண்ணுக்கும் ஆவாது" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் நகரிப் பக்கத்து வியாபாரி ஒருவன், காட்டாமணக்குக் கொட்டை இருந்தால் சோப்புக் கம்பெனிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் கேட்காது, ஆடு வாய் வைக்காது. பூவம்மாள் வேலிகளிலிருந்து கழிகளை வெட்டி, மழை பிடித்த வாரத்தில் மேடு முழுக்க ஊன்றினாள். வேறு எதையும் வாழவிடாத அந்தக் கல் மேடு காட்டாமணக்கை மட்டும் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தது. மூன்றாம் வருஷம் காய் குலுங்கியது. வியாபாரியைத்தான் காணவில்லை. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு சாமியாராகிவிட்டான் என்றார்கள் சிலர். புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான் என்றார்கள் சிலர். பூவம்மாள் கொட்டையை மூட்டை கட்டிப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய், வேப்பங்கொட்டை ஆட்டுகிற செக்கில் ஆட்டி வாங்கினாள். சமையல் எண்ணெய் ஆட்டுகிற செக்குக்காரன் யாரும் இதைத் தொடமாட்டான். ஒரு கொட்டையை மென்றால் பொழுது சாயும்வரை வாந்தியும் பேதியும்தான். எண்ணெய் டின்கள் குடிசையை அடைத்துக்கொண்டன. புருஷனும் பெண்சாதியும் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது.

அந்த வருஷம் அரபு நாட்டில் ஏதோ சண்டை என்றார்கள். அதனால் திருத்தணியில் டீசல் இல்லை என்றார்கள். ஜம்புலிங்கத்தின் கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம். அவர் அம்மையார்குப்பத்துக்காரர். தறிச்சத்தம் காதைப் பிளக்கிறது என்று இங்கே வந்து நிலம் வாங்கியவர். வந்த பிறகு எஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டவர். கெட்டவர் இல்லை. எதுவும் வீணாகப் போவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடலைச்செடி தலை தொங்குவதைப் பார்த்து அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். கடலை போனால் பறிப்புக் கூலியும் போகும். பூவம்மாள் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள்.

"இத ஊத்திப் பாரேன்" என்றாள் முனியனிடம்.

"இது இன்னா அகல் வெளக்கா? எஞ்சின் கெட்டுப்போனா மொதலாளி என் தோல உரிச்சிடுவாரு."

"கடலை காஞ்சிட்டா மட்டும் உன்ன மடியில வெச்சிகினு கொஞ்சுவாரா?"

முனியன் பழைய வேட்டியில் எண்ணெயை வடிகட்டினான். தொட்டியின் அடியில் மிச்சமிருந்த டீசலில் எஞ்சினைச் சூடாக்கி, பிறகு இந்த எண்ணெயைத் திறந்துவிட்டான். எஞ்சின் இருமியது, ஒரு கணம் நின்று யோசித்தது, பிறகு டக்டக்கென்று ஓட ஆரம்பித்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. வெள்ளையாக ஒரு புகை எழுந்து மூன்று பேர் மேலும் கவிந்தது. முனியனுக்கு உளுந்து வடை வாசனை அடித்தது. ஜம்புலிங்கத்துக்கு நெய் தோசை. பூவம்மாளுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூன்று பேரும் ஒன்றாக ஏப்பம் விட்டார்கள்.

அன்று மத்தியானம் ஜம்புலிங்கத்தின் மனைவி வரலட்சுமி வயலுக்கு அனுப்பிய கூழ்ப்பானை அப்படியே திரும்பி வந்தது. உப்பு அதிகமாகிவிட்டதோ என்று அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் பானை திரும்பியது. மூன்றாம் நாள் புகை வீட்டுப் பக்கம் திரும்ப, அவளுக்கும் விஷயம் விளங்கியது.

அதற்குப் பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஊர் போய் உட்கார்ந்தது. மழை பொய்த்து, சுற்று வட்டாரத்தில் புளியங்கொட்டையை இடித்துத் தின்ற வருஷம் அது; கண்டிகைக் குழந்தைகளுக்கு மட்டும் கன்னம் உப்பியது. காக்கைகள் பறக்க முடியாமல் தெருவில் நடந்து போயின. கிருத்திகை விரதம் இருப்பவர்கள் மட்டும் சங்கடப்பட்டார்கள். புகையால் விரதம் கெடுமா என்று மலைமேல் குருக்கள் ஒருவரிடம் கேட்டு வர ஆள் போனது. வாயால் இழுத்தால் கெடும், மூக்கால் இழுத்தால் கெடாது என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து விரதக்காரர்கள் வாயை இறுக்க மூடிக்கொண்டு தெருவில் போனார்கள்.

நிஜமாகவே அடிபட்டவன் டீக்கடை துரைக்கண்ணு. பஸ் நிற்கும் இடத்தில் கடை. அவன் மசால் வடைக்காக இறங்கி ஏறுகிறவர்கள் உண்டு. இப்போது பஸ்ஸில் வந்தவர்கள் கண்டிகையில் ஜன்னல் வழியாக ஒரு இழுப்பு இழுத்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, அப்படியே போனார்கள். துரைக்கண்ணு பூவம்மாளிடம் வந்து நின்றான்.

"யக்கா, காலையில போட்ட வடை சாயங்காலம் வரைக்கும் என்னயே பாத்துகினு கீது."

"நீ துண்ணேன்."

"எனக்கும் பசிக்கலியேக்கா" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான்.

அடுத்த வருஷம் டீசல் திரும்பி வந்தது, ஆனால் ஏறிய விலைக்கு அதை வாங்காமல் ஜம்புலிங்கம் பூவம்மாளின் எண்ணெயிலேயே எஞ்சினை ஓட்டினார். கூழையும் நிறுத்தினார். வயிறு நிறைந்தவர்களுக்கு எதற்குக் கூழ் என்று அவருக்குத் தோன்றியது. யாருக்குமே அதில் தப்பு தெரியவில்லை. அதற்கும் அடுத்த மாதம், மத்தியானம் வேலையை நிறுத்தவேண்டாம் என்றார். சாப்பிடக் கை வேண்டும், புகையை இழுக்கக் கை வேண்டாமே, குனிந்தபடியே இழுக்கலாமே என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் பொழுது சாயும்வரை நிமிராமல் களையெடுத்தார்கள். புங்கமரத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒருத்தி மருமகளைத் திட்ட, இன்னொருத்தி அதற்கு எண்ணெய் வார்க்க, எல்லாரும் சிரிக்கிற ஒரு வேளை இருந்தது. அது இல்லாமல் போயிற்று. நிழல் தன்பாட்டுக்கு வந்து, யாரும் உட்காராமல், திரும்பிப் போனது. பூவம்மாளுக்கு வயிறு நிறைந்திருந்தது, முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தது. தன் கையால் ஊன்றிய கழி, தன் எண்ணெய், தன்னையே குனியவைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள் களைக்கொத்தும் கையுமாக இருக்கும்போது அவளுக்குத் தோன்றியது. களைக்கொத்தை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை முனியன் டின்னுக்குக் கை நீட்டியபோது அவள் குறுக்கே நின்றாள்.

"எண்ணெய் தீந்துபோச்சா?"

"தீரல. குடுக்கல."

"மொதலாளி என்ன நிறுத்திடுவாரு பூவு."

"நிறுத்தட்டும். நீயும் செத்த குந்து."

ஜம்புலிங்கம் நிறுத்தினார். எஞ்சினும் நின்றது. ஊருக்குப் பசி திரும்பி வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, நல்ல தெம்போடு வந்தது. இரண்டாம் நாளே தெருவில் பூவம்மாளிடம் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை. மருமகளைத் திட்டுகிற கிழவிகூட, "ஒருத்தி முட்டி வலிக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?" என்று அவள் காதுபடவே கேட்டாள். பூவம்மாளுக்கு அது தைத்தது. தான் செய்தது தப்போ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மேட்டின் மேல் ஏறிப் போய் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து திருத்தணி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனியனும் வேலையில்லாமல் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் முட்டியைப் பிடித்துவிட்டான்.

ஜம்புலிங்கம் கவலைப்படவில்லை. அவர் முன்யோசனைக்காரர். முதல் வருஷமே கிணற்றோரம் நல்ல வண்டல் மண்ணில், எரு போட்டு, தண்ணீர் விட்டு, சொந்தமாகக் காட்டாமணக்கு வளர்த்திருந்தார். அது ஆள் உயரத்துக்கு மேல் கொழுத்து நின்றது. கொட்டையை ஆட்டி, எண்ணெயை ஊற்றி, தானே கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் அழகாக ஓடியது. புகையும் வெள்ளையாக வந்தது. ஆனால் அந்தப் புகை பசியைக் கிளப்பியது.

வயலில் நின்றவர்கள் களையெடுப்பதை விட்டு, பச்சைக் கடலையைப் பிடுங்கி மண்ணோடு தின்ன ஆரம்பித்தார்கள். அவர்களைத் தடுக்கப் போன ஜம்புலிங்கம் தானும் இரண்டு கைப்பிடி தின்றார். வரலட்சுமி பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சினாள். அது வயலுக்கு வந்து சேரவில்லை, தூக்கி வந்தவர்களே வழியில் குடித்துவிட்டார்கள். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வைக்கோல்போரில் முகம் புதைத்தன. துரைக்கண்ணு கடையில் வடை வாணலியிலிருந்து இறங்குவதற்குள் தீர்ந்தது. கடைசியில் மாவையே கேட்டார்கள். எஞ்சினை நிறுத்தினால் பசி அடங்கும், கடலை காயும். ஓட்டினால் கடலை பிழைக்கும், வீட்டிலிருக்கும் தானியம் போய்விடும். ஒரு வாரத்தில் வரலட்சுமி தானியக் குதிர் காலியாகிவிட்டதைத் தட்டிக் காட்டினாள். ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரளைமேட்டின் மேல் ஏறினார். ஏறி முடிப்பதற்குள் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

"உன் செடிக்கு இன்னா போட்ற பூவம்மா?"

"ஒண்ணும் போடறதில்லீங்க. போடறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?"

அவர் சுற்றிலும் கல்லைப் பார்த்தார். கல்லைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "சரி. உனக்கு இன்னா வேணும்? சொல்லு" என்றார்.

"மத்தியானம் எஞ்சின நிறுத்தணுங்க. கூழு வரணும். நாங்க குந்தணும்."

"வயிறுதான் ரொம்பிடுதேம்மா?"

"வயிறு ரொம்புதுங்க. முட்டி வலிக்குதே."

ஜம்புலிங்கத்துக்கும் ஏறி வந்ததில் முட்டி வலித்துக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு இது சட்டென்று புரிந்தது. அவள் இன்னொன்றும் கேட்டாள்: புகைக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பிவிடவேண்டும், வேலைக்கு வரமுடியாதவர்களுக்கும் போகட்டும் என்று. முனியன் அன்று சாயங்காலமே குழாயைத் திருப்பினான். மறுநாள் புகை தெருவில் நுழைந்து வீடு வீடாகப் போனது. மருமகளைத் திட்டுகிற கிழவி வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பூவம்மாளிடம், "உன் முட்டி இப்ப எப்பிடி கீது?" என்று கேட்டாள்.

ஜம்புலிங்கத்தின் பசி எண்ணெய் டின் டின்னாக மிஞ்சிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கிணற்றடியில் அடுக்கியிருந்தார். துரைக்கண்ணு வந்து, சும்மா கிடப்பதை நான் எடுத்துப்போகட்டுமா என்று கேட்டு, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கடை வாசலில் அந்த எண்ணெயில் திரி போட்டு ஒரு விளக்கைப் பகலிலேயே ஏற்றி வைத்தான். தெருவின் மேல்கோடியில் வயிறு நிறைந்து வந்தவர்கள் கீழ்க்கோடியில் அந்த விளக்கைத் தாண்டும்போது பசியெடுத்து நின்றார்கள். வடை பழையபடி விற்றது. சொல்லப்போனால் பழையதைவிட அதிகமாக விற்றது. துரைக்கண்ணு அதற்குப் பிறகுதான் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டான்.

வருஷங்கள் போயின. புறம்போக்கு, ஓடைக்கரை, ரயில்பாதை ஓரம் என்று எதற்கும் ஆகாத இடத்திலெல்லாம் ஜனங்கள் காட்டாமணக்கு ஊன்றினார்கள். நல்ல மண்ணில் மட்டும் யாரும் ஊன்றவில்லை. சென்னையிலிருந்து விவசாயத்துறை ஆள் ஒருவர் வந்து, மேட்டுக் கல்லை ஒரு பையில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் புகையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். தனக்கு வத்தக்குழம்பு வாசனை அடிப்பதாகச் சொன்னார். பிறகு பஸ் வந்துவிட்டது.

1982இல் கரண்ட் மோட்டார் வந்தது. ஜம்புலிங்கம் மோட்டார் போட்டார்; பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் காலையில் முனியன் எஞ்சினைச் சுற்றிவிடுவான். அது இப்போது எதையும் இறைப்பதில்லை. தெருவுக்காகச் சும்மா ஓடும். இது வீண் இல்லையா என்று ஜம்புலிங்கத்திடம் யாரோ கேட்டதற்கு, "ஓடட்டும். அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்றார். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி தூக்கிப் போகும் வெளியூர்க்காரர்கள் கண்டிகை வழியாகப் போகும்போது ஏப்பம் விடுவார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள், வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள்.

உச்சி வேளைக்கு எஞ்சின் நிற்கும். புங்கமரத்தடியில் வரலட்சுமியின் கூழ்ப்பானை வந்து இறங்கும். யாருக்கும் பசி இருக்காது. பூவம்மாள் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, ஒரு சொம்பு கூழை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் குடித்து முடிப்பாள்.