முதுகில் விழுந்த வெட்டு

பரோல் அதிகாரி கபானில்யா வந்து உட்கார்ந்ததும், சலூத் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவன் அனிசெட்டோவை வெட்டிக் கொன்ற தியோடுலோ சிறைக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம். இப்போது அவனுடைய விடுதலை மனு பரிசீலனைக்கு வந்திருந்தது. செத்தவன் வீட்டாரைக் கேட்காமல் பரோல் குழு முடிவெடுப்பதில்லை.

நாத்தனார் மிலாக்ரோஸ் முந்திக்கொண்டாள். "சம்மதமில்லன்னு எழுதுங்க. எங்கண்ணன் மண்ணுக்குள்ள இருக்கான். இவன் வந்து சேவச்சண்டையில முன் பெஞ்சுல உக்காரணுமாக்கும்!"

"உங்களையும் கேப்பேன்க்கா. முதல்ல அவங்க சொல்லட்டும்." அதிகாரி பழைய தீர்ப்பைப் புரட்டினாள். "பின்னாலருந்து பதுங்கி வந்து வெட்டினான், கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. இந்தச் சாட்சிதான் தண்டனைய நீட்டியிருக்கு. இப்பவும் அதேதானே?"

சலூத் பார்த்தது வேறு. கரும்புச் சாராயம் தலைக்கேறி, சுவரிலிருந்து அரிவாளை முதலில் உருவியவன் அனிசெட்டோதான். அவள் பயந்து அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். வெட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கவே இல்லை. வழக்கன்று நீதிமன்ற வராந்தாவில் மிலாக்ரோஸ்தான் காதைக் கடித்தாள்: "நேருக்கு நேர்னு சொன்னா சீக்கிரம் வந்துடுவான். முதுகுலன்னு சொல்லு." யாரும் அவளை அடித்துச் சொல்லவைக்கவில்லை. அன்று அவளும் அதையே விரும்பினாள்.

"நான் பாக்கலம்மா," என்றாள். "இவர்தான் முதல்ல அரிவாள எடுத்தார்."

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா? செத்தவனையே குத்தவாளி ஆக்குறியே!" மிலாக்ரோஸ் எழுந்து, செருப்பை மாட்டாமலே முற்றத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினாள். "பொய்ச்சாட்சின்னு உங்க மேல வழக்கு வரலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா, தியோடுலோ எப்பவோ மனு போட்டிருப்பாரே!"

சலூத் தரையைப் பார்த்தாள். "போன தவக்காலத்துல அவனோட அம்மா செத்துப்போச்சு. புள்ள இல்லாமத்தான் பெட்டி இந்த வழியா போச்சு. நான் ஜன்னலச் சாத்திட்டு உள்ளயே நின்னேன். அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லையே."

"அப்போ பின்பக்கத்துல எழுதுங்க. அவன் படிக்கணும்."

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தாள். பிறகு தாளைத் திருப்பினாள்.