நாலு மாடி குறைகிறது

'உச்சி' என்பது அவருடைய அம்மா வைத்த பெயர் அல்ல. வானுயரக் கட்டிடப் பிரியர்களுக்கென்று இருக்கும் இணைய மன்றத்தில் அவரே சூட்டிக்கொண்டது. மற்ற நேரத்தில் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தரைத்தளத்தில் கோப்பு அடுக்குகிறவர். மன்றத்திலோ பதினோராயிரம் பதிவு போட்டவர், உள்ளூர்க் கட்டிடங்களுக்குத் தலைமைத் தொகுப்பாளர். சம்பளம் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு குட்டிக் கிரீடம் தெரியும். அதற்காக உயிரையும் கொடுப்பார், முடிந்தால் உங்களுடையதை.

மன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. 'நேரில் பார்த்தேன்' என்பது செல்லாது. எதற்கும் இணைப்பு காட்ட வேண்டும். மீறினால் ஒரு வாரம் தடை. சட்டத்தை எழுதியவரும் உச்சிதான்.

ஊரின் புதிய கோபுரத்துக்கு அறுபத்திரண்டு மாடி என்று அவர் பதிந்திருந்தார். லிஃப்டின் மேல்வரிசைப் பொத்தான்களை யாரோ எடுத்த படத்தில் கடைசி எண் அதுதான். ஒரு திங்கட்கிழமை 'கயிறு' என்ற புது உறுப்பினர் எழுதினார்: "ஐம்பத்தெட்டுதாங்க. நான் பார்த்தேன்."

மன்றம் சிரித்தது. உச்சி மூன்று இணைப்புகளை எடுத்து வீசினார்: ஒரு வீட்டு விளம்பரம், ஒரு செய்தி, ஒரு கலைக்களஞ்சியப் பக்கம்.

கயிறு பொறுமையாகப் படித்துவிட்டு வந்தார். "மூணும் உங்க பதிவைத்தாங்க ஆதாரமா காட்டுது."

கிரீடம் ஆட்டம் கண்டது. ஞாயிறு மாலைக்குள் தீராவிட்டால் வாக்கெடுப்பு என்று நிர்வாகம் அறிவித்தது.

ஞாயிறு மதியம் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். உயரக் கட்டிடங்களில் கண்ணாடி துடைக்கிறவன்.

"முகம் ஏன் அத்தான் இப்படித் தொங்குது?"

"கயிறுன்னு எவனோ ஒருத்தன். என் கோபுரத்துல நாலு மாடியத் திருடப் பாக்குறான்."

தம்பி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தான். "அது நான்தான் அத்தான்."

"நல்லாயிருக்கு," என்றாள் மனைவி. "பேசணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஊரையே கூட்டித்தான் பேசணுமா?"

"மேலேருந்து கீழ வரைக்கும் தொங்கிக்கிட்டே துடைக்கிறேன். ஐம்பத்தெட்டு வரிசைதான். நாலு, பதிமூணு, பதினாலு, நாப்பத்திநாலு, இதுக்கெல்லாம் லிஃப்டுல பொத்தானே இல்ல. ராசியில்லாத நம்பராம், வாங்க ஆள் வராதாம். நீங்க உள்ள போனதில்லையா?"

"எதிர்லதான் பஸ் ஸ்டாப்," என்றாள் மனைவி. "இவரு போன்ல அந்தக் கட்டிடத்தப் பாத்துக்கிட்டே பஸ் ஏறிடுவாரு."

உச்சி கடைசி முயற்சியாகக் கேட்டார். "உங்கிட்ட லிங்க் இருக்கா?"

"எங்கிட்ட கயிறுதான் அத்தான் இருக்கு."

மாலை ஐந்து மணிக்கு உச்சி எழுதினார்: 'ஐம்பத்தெட்டு மாடி. ஆதாரம்: என் மைத்துனன் பார்த்தான்.' ஐந்து நிமிடத்தில் தடை விழுந்தது. கிரீடமும் போயிற்று.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் போனில் பார்க்க ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தார். எங்கோ நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு புள்ளி, துணியை வீசிக் காட்டியது. கையை ஆட்டிவிட்டுக் கீழிருந்து எண்ணத் தொடங்கினார். இருபத்தாறில் எண்ணிக்கை தவறியது, பஸ்ஸும் தவறியது. பையைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.