செமுலி மேட்டில் பதினோரு ஓட்டை

லெமாய்க்கு வந்த ஆத்திரத்துக்கு, தான் போட்ட ஊர்க் காட்டு வரைபடத்தைச் சுருட்டி மாமா தலையில் ஒன்று போட்டிருப்பாள். ஊர்த்தலைவர் ஆயிற்றே என்று விட்டாள். காட்டை ஊர் பேருக்கே எழுதித் தரலாமா என்று பார்க்க அடுத்த மாதம் அதிகாரி வருகிறார். இந்த நேரம் பார்த்து, வானத்திலிருந்து எடுத்த படத்தில் செமுலி மேட்டுக் காட்டில் புதிதாக மரம் வெட்டிய பதினோரு ஓட்டை. எல்லாம் பாமாயில் கம்பெனிக்காரன் வேலை என்று மாமா உங்காங் ஒரேயடியாகச் சாதித்தார்.

லெமாய் ஆற்றையும் சாலையையும் கம்பெனி எல்லையையும் அதே படத்தில் வரைந்து பார்த்தாள். கம்பெனி கிழக்கே, ஓட்டை மேற்கே. அதுவும் நெல் முளைக்காத பாறை மேடு. எந்தக் கிறுக்கன் அங்கே போய் மரம் வெட்டுவான்?

மறுநாள் காலை மேடு ஏறினாள். ஒவ்வொரு ஓட்டையிலும் பேருக்கு நாலு வாடிய நெற்பயிர், உட்கார ஒரு அடிமரம். ஏழாவதில் மாமாவே உட்கார்ந்து, கூச்சிங் நகரத்தில் வேலை பார்க்கும் மகளோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓ, கம்பெனிக்காரர் இங்கதான் இருக்காரா?"

மாமா அசடு வழிந்தார். சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான். முதலில் மரம் வெட்டி நெல் விதைத்தவனுக்கே இடம் என்பது ஊர் வழக்கம். அடுத்தவன் இடத்தில் போய் உட்கார்ந்தால் அபராதம். அதனால் ஆளுக்கொரு துண்டு.

"எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்து பேசினா என்ன மாமா?"

"பேசுறது ஊருக்கே கேக்குமேடி."

"இருபது குடும்பம் ஒரே நீள வீட்டுல இருக்கோம். நீங்க விடுற குறட்டையே ஊருக்குக் கேக்குது."

ஊர் கூடிப் பேசியது. மாமாவின் துண்டில் மட்டும் ஒரு தகரக் கூரை, நீளமாக ஒரு பெஞ்சு. மற்ற பத்திலும் மரக்கன்று நட்டார்கள். லெமாய் படத்தில் அந்த மேட்டின்மேல் குட்டியாக ஒரு போன் வரைந்துவைத்தாள்.

அதிகாரி வந்தார், மேடெல்லாம் சுற்றினார், படத்தில் இருந்த போனைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மேலிடத்தைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார். போனில் கேட்பதற்கும் அந்தப் பெஞ்சை விட்டால் வழியில்லை. அதிகாரி என்று யாரும் எழுந்து இடம் தரவில்லை. மாமாவை இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"காரணம் தெரிஞ்சிடுச்சு சார், கன்னும் நட்டுட்டாங்க. இவங்க பேருக்கே எழுதிடலாம்... சரி சார், உத்தரவு போட்டுடுறேன்."

அவர் போனைப் பையில் வைப்பதற்குள், பக்கத்தில் இருந்த மாமா கூச்சிங் மகளுக்கு அதைப் போனில் சொல்லி முடித்திருந்தார்.